ரெண்டு பேரும் ஒரே ஆள்

அழகுத்தாய் என்று யாராவது கூப்பிட்டால் அழகுத்தாய் திரும்பிப் பார்க்கக் கூடாது. கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பேர் பூமாரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் "பூமாரி" என்று படித்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பூமாரி அவளுடைய அக்கா. அக்கா செத்தும் முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

கதை இவ்வளவுதான். தொண்ணூற்று நாலாம் வருஷத்து மழையில் பூமாரிக்கு விஷக்காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். அப்பா பெரியமுத்து அதற்கு முன்பே போயிருந்தார். அம்மாவுக்கு இளைப்பு, படி ஏறினாலே மூச்சு வாங்கும். வீட்டில் தோட்டத்துப் பதிவில் இருந்த ஒரே ஆள் பூமாரிதான். பதிவில் ஆள் இல்லாத வீட்டைக் கம்பெனி ஒரு மாதத்தில் காலி பண்ணச் சொல்லும். அழகுத்தாய்க்கு அப்போது பதினேழு வயசு. அந்த வருஷம் புதிதாக ஆளும் எடுக்கவில்லை.

கங்காணி மொக்கையன்தான் வழி சொன்னார். "செத்தது தங்கச்சிக்காரின்னு எழுதிருவோம். நீ அக்கா பேருல நாளைக்கே வேலைக்கு வந்துரு. ஒரு பயலுக்கும் தெரியாது."

அவர் சொன்னது சரிதான், தெரியவில்லை. போடிப் பக்கத்தில் காடுகரை வைத்திருந்த மொக்கையன் சாதிக்காரர்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். பெரியமுத்து சாதி கீழ் லயத்தில், ஓடைக்கரையில் இருந்தது. மலை ஏறி வந்தவர்கள் சட்டி பானையோடு அதையும் சுமந்துகொண்டுதானே வந்தார்கள். கீழ் லயத்துப் பெண்களில் எவள் அக்கா, எவள் தங்கை என்று ஆபீஸ் ரைட்டருக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்தும் அவர்களுக்கு இல்லை. கீழ் லயத்தில் தெரிந்த பெரியவர்கள், நாளைக்குத் தங்கள் வீட்டுக்கும் இதே கதி வரலாம் என்று கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார்கள். பஞ்சாயத்துப் பதிவில், அழகுத்தாய், வயது பதினேழு, காய்ச்சல் என்று ஏறியது. உயிரோடு நின்றுகொண்டு தன் காரியத்துக்குத் தானே சோறாக்கிப் போட்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த உபகாரத்துக்கு மொக்கையன் வசூல் பண்ணாமல் இல்லை. கொழுந்தெடுத்து முடிந்ததும் அவர் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் விளக்க வேண்டும், வாசல் கூட்ட வேண்டும். அடுப்படிக்குள் மட்டும் அவள் கால் படக்கூடாது, தீட்டு. விறகுப்புரையில் தீட்டு கிடையாது. அங்கே நடந்ததை அழகுத்தாய் யாரிடமும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டம், ஜெயில், அம்மா நடுரோட்டில். அவளுக்குக் கல்யாணம் ஆகிறவரை ஏழு வருஷம் அது நடந்தது. மொக்கையன் செத்த அன்று கீழ் லயமே மாலையோடு போனது. அவளும் போனாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

கம்பத்திலிருந்து வந்து அவளைக் கட்டியவன் நல்ல மனுஷன். மகள் இந்து ஏழாவது படிக்கையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான்.

அழகுத்தாய் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாய் தவறினாள். இந்துவைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று. அவள் கொண்டுபோன காகிதத்தை டீச்சர் புரட்டிப் பார்க்காமல், "அம்மா பேரு?" என்று கேட்டார். மகள் புதுப் பாவாடையில் நிற்கிறாள், பூரிப்பு தாங்கவில்லை. "அழகுத்தாய்" என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் மாற்றச் சொல்லவும் பயம். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

அது பன்னிரண்டு வருஷம் கழித்து வந்து கழுத்தைப் பிடித்தது. இந்து பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்ஸிங் படிப்புக்கு இடம் கிடைக்கும், ஆனால் எஸ்.சி. சர்டிபிகேட் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே இங்கே குடியேறியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று வில்லேஜ் ஆபீஸில் சொன்னார்கள். கீழ் லயத்தில் பாதிப் பிள்ளைகள் அந்த ஆதாரம் இல்லாமல்தான் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்துக்கும் ரிசார்ட்டுக்கும் போனார்கள். இந்து விடவில்லை. அப்பா கம்பத்துக்காரர், அதனால் அம்மா வழியில்தான் காட்ட முடியும். ஆபீஸுக்கு நடையாய் நடந்து, நாற்பத்தாறில் பெரியமுத்துவின் அப்பா வேலைக்குச் சேர்ந்த பழைய பேரேட்டின் நகலை வாங்கி வந்தாள்.

அதைக் கொடுத்த கையோடு இன்னொன்றும் செய்திருந்தாள். சந்தோஷமாக ஓடி வந்து சொன்னாள்.

"அம்மா, ஸ்கூல் சர்டிபிகேட்டுல ஒன் பேரு அழகுத்தாய்னு இருக்கு, ஆதார்ல பூமாரின்னு இருக்குல்ல. அதுக்கும் எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு வில்லேஜ் ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்களாம். அழகுத்தாய்ங்கிறது ஒன்னோட செல்லப்பேருதானம்மா?"

அழகுத்தாய் அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள். "ம்" என்றாள்.

"புதன்கிழமை ஆபீசரம்மா விசாரிக்க வாராங்க. தோட்டத்து ஆளு ஒருத்தர் சாட்சி சொல்லணுமாம். முனீஸ்வரன் சாரு பேரக் குடுத்துருக்கேன்."

முனீஸ்வரன் மொக்கையனுடைய மகன். இப்போது சூப்பர்வைசர். அழகுத்தாயைவிட மூன்று வயசு இளையவன். அவள் அவனைச் சார் என்பாள், அவன் அவளை ஏ பூமாரி என்பான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். பஞ்சாயத்தில் சாவுப் பதிவைப் புரட்டிப் பார்த்துவிடுவார்களோ? பார்த்தால் முப்பத்தோரு வருஷ வேலையும் இல்லை என்றாகிவிடும், வீடு போகும், போலீஸ் வரும். இந்துவின் அம்மா இந்து பிறப்பதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே செத்துப்போனவள் என்று எழுதிவிடுவார்கள். ஐயோ, இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று உள்ளுக்குள்ளேயே புலம்பினாள். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நிரைக்கு முனீஸ்வரன் வந்தான். சுற்றிலும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வந்தான்.

"ஏ பூமாரி, நாளைக்கு விசாரணையாமே."

"ஆமா சார்."

"எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு." கொஞ்சம் நிறுத்தினான். "நீ பயப்படாத. ரெண்டும் ஒரே ஆளுதான்னு நான் கையெழுத்துப் போட்டா ஆபீசர் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்."

"புண்ணியம் கெடக்கட்டும். எங்க வீட்டுல அவ போடிக்குப் போயிருக்கா. வீடு போட்டது போட்டபடி கெடக்கு. இந்துவச் சாயங்காலமா வரச் சொல்லு, கூட்டிப் பெருக்கிக் குடுத்துட்டுப் போகட்டும்."

அழகுத்தாய் நிரையை விட்டு வெளியே வந்தாள்.

"நான் வாரேன் சார். நான் வந்து செய்றேன்."

"ஒன்னயக் கூப்பிடல" என்றான் முனீஸ்வரன், சிரித்துக்கொண்டே.

"பிள்ளைக்குக் காய்ச்சல் சார்."

"சரி. அப்ப நாளைக்கு வரட்டும். விசாரணை முடிஞ்சதும் வரட்டும்."

அவன் போன பிறகு அவள் தேயிலைச் செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. அப்பனுக்குப் பிறகு மகன், அம்மாவுக்குப் பிறகு மகள். வேலையைத்தான் வாரிசுக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள், இதையுமா கொடுப்பார்கள்? அன்று சாயங்காலம் இந்துவை வாசலுக்குப் போகவிடவில்லை. ஏன் என்று கேட்ட பிள்ளையிடம் எரிந்து விழுந்தாள்.

புதன்கிழமை பத்து மணி நிறுவைக்கு எல்லாரும் கொழுந்து மூட்டையோடு ஷெட்டில் நின்றபோது வில்லேஜ் ஆபீசர் ஜிஜி வந்தார். நாற்பது வயசிருக்கும், குடையும் ஃபைலுமாகக் களைத்துப்போயிருந்தார். முனீஸ்வரன் தேய்த்த சட்டை போட்டு வந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான். இந்து தூண் பக்கத்தில் நின்றாள்.

"அழகுத்தாய் ஆராணு?" என்று மலையாளத்தில் கேட்டார் ஜிஜி.

அழகுத்தாய் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிட்டதுபோல. இளம்பெண்கள் சிரித்தார்கள். இந்துதான் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தாள்.

"பேடிக்கேண்டா, பயப்படாதீங்க அம்மா. ஒரே ஒரு கேள்விதான்" என்று ஜிஜி தெரிந்த தமிழில் சொன்னார். "அழகுத்தாய், பூமாரி. இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

பேர் என்றது காகிதத்தில் உள்ள பேரைத்தான். அழகுத்தாய் காதில் அது அப்படி விழவில்லை. ஒரே போர்வைக்குள் தன்னோடு படுத்துக்கிடந்த அக்கா, மூன்றாம் நாள் காய்ச்சலில் தண்ணீர் கேட்ட அக்கா. அவளும் நானும் ஒரே ஆளா என்று கேட்கிறார்களே.

"ஒரே ஆளுதான் மேடம்" என்றான் முனீஸ்வரன் முந்திக்கொண்டு. "எங்கப்பா காலத்துலருந்தே எனக்குத் தெரியும். நான் சாட்சி போடுறேன்."

சொல்லிவிட்டு அவன் தூண் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வை இந்துவின் மேல் போய் நின்றது, அவசரப்படாமல் நின்றது. அந்தப் பார்வையை அழகுத்தாய் அறிவாள். வேறு ஒரு முகத்தில் ஏழு வருஷம் பார்த்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "இல்லம்மா. ரெண்டு பேரும் ரெண்டு ஆளு. பூமாரி எங்கக்கா. அது செத்துப்போச்சு. நான் அழகுத்தாய். அது பேருல நான் வேலை பாக்குறேன்."

இந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிறுக்கு மேடம். ராத்திரியெல்லாம் தூங்கல போல" என்றான் முனீஸ்வரன்.

ஜிஜி பேனாவை மேசையில் வைத்தார். "அம்மா, இது ஞான் எழுதினா கம்பெனி வீட்ட எடுக்கும். கேஸும் வரும். மனசிலாயோ?"

"தெரியும்மா. பயமாத்தான் இருக்கு. எழுதுங்க."

"அன்னைக்கு மாத்தி எழுதினது ஆரு?"

"இவுக அப்பா." முனீஸ்வரனை நேராகக் காட்டினாள். "அதச் சொல்லித்தான் ஏழு வருஷம் என்னயத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாரு. நேத்து இவுக என் பிள்ளையக் கூப்பிட்டாக. அதையும் எழுதிக்கங்க."

நிறுவைக்கு நின்ற பெண்கள் தலைகுனிந்தார்கள். ஆனால் முன் வரிசையில் நின்ற செல்வலட்சுமி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்து போய் இந்துவின் முன்னால் மறைவாக நின்றுகொண்டாள். இன்னும் இரண்டு பேர் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். முனீஸ்வரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸைப் பார்க்க நடந்தான்.

ஜிஜி ஒரு பக்கம் முழுக்க எழுதினார். பிறகு காகிதத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். அழகுத்தாய் பேனாவை வாங்கி 'பூ' என்று எழுதிவிட்டு நின்றாள். சம்பளச் சீட்டுக்காகப் பழகிய அந்த மூன்றெழுத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்கு எழுத வராது. சொந்தப் பேரில் என்ன எழுத்து முதலில் வரும் என்றுகூடத் தெரியாது. ஜிஜி அதை அடித்துவிட்டு மை டப்பாவை நகர்த்தினார். விரல் நடுங்கியதில் முதல் ரேகை கலைந்துபோயிற்று. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

மலையாளத்தில் எழுதியிருந்ததை இந்து குனிந்து படித்தாள்.

"என்னத்தா எழுதியிருக்கு?" என்றாள் அழகுத்தாய். "ஜெயிலுன்னா எழுதியிருக்கு?"

"இல்லம்மா." இந்து எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தாள். "அழகுத்தாய், வயசு நாப்பத்தெட்டு, உயிரோட இருக்காங்கன்னு எழுதியிருக்கு."