திரும்பாமல் ஆடிய ஆட்டம்

ஈப்போவில் என்னைத் தெரியாத லாரிக்காரன் ஒருவன் இருந்தால் அவன் நேற்றுத்தான் லைசென்ஸ் எடுத்தவனாக இருக்க வேண்டும். தஞ்சோங் மாலிமிலிருந்து கமுந்திங் வரைக்கும் ஓடுகிற லாரிகளில் பாதி என் கடை டயரில்தான் ஓடுகிறது. படித்ததோ ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் கடையில் வேலை பார்க்கிறார்கள்.

போன மாதம் பேத்தி என்னை ஒரு கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவர்கள் ஊர்ப் பழைய மேளம் வாசிப்பார் என்றாள். மேளத்தில் நான் கேட்காத அடியா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் எனக்கு முன்வரிசைதான்.

வந்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். கால்வரை தொங்கும் நீல அங்கி, நரைத்த தாடி. மேளத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் வளைந்த குச்சி, இன்னொரு கை வெறும் கை. முதலில் வாசித்ததெல்லாம் கல்யாண மேளம், அறுப்பு மேளம் என்று பேத்தி காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

பிறகு அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு இங்கிலீஷில் என்னவோ பேசினார். பேத்தி சொன்னாள்: இது இறந்தவரைத் தெருவழியாகக் கொண்டுபோகும்போது அடிப்பதாம். அவர்கள் ஊரில் இதற்கு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்களாம். ஆடி அனுப்பிவைப்பதுதான் மரியாதையாம்.

அடி விழுந்தது. நான் எழுந்துவிட்டேன்.

எப்படி எழுந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று அது எங்கே போயிற்றோ. மேடைக்கு முன்னால் நின்று நான் ஆட, அந்த மனிதர் என் காலைப் பார்த்துப் பார்த்து அடித்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

"தாத்தா, மெதுவா லா," என்றாள் பேத்தி. அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு, "பின்னால திரும்பிப் பாருங்க தாத்தா, எல்லாரும் ஒங்களத்தான் பாக்கிறாங்க," என்றாள்.

கைதட்டல் எனக்குப் பிடிக்காத ஒன்றல்ல. ஆனாலும் திரும்ப முடியவில்லை. கழுத்து வர மாட்டேன் என்றது.

முதன்முதலில் அப்படித் திரும்பாமல் நான் ஆடியது தோட்டத்தில், ஆறு வயதில். அம்மா வயிற்றுவலி என்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் இறந்து, சவப்பெட்டியில் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டது எனக்குத் தெரியாது. அன்று காலையிலிருந்து என்னை ஆயாக்கொட்டாயிலேயே வைத்திருந்தார்கள். பால்மரம் சீவப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இந்த வயதில் தொட்டில் பிள்ளைகளோடு என்னை ஏன் போட்டார்கள் என்று எனக்கு ஒரே அவமானம்.

மத்தியானத்துக்கு மேல் தப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்தில் தப்பு அடித்தால் நான் அங்கே இல்லாமல் இருந்ததே இல்லை. சாவு மேளத்துக்கு முன்னால் ஆடுவதில் என்னை மிஞ்சப் பெரிய ஆட்களே கிடையாது. ஆயா கையைப் பிடிப்பதற்குள் ஓடிவிட்டேன்.

மண்சாலை வளைவில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் தப்புக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆட்கள் தோளில் பெட்டி. நான் கிட்டே போவதற்குள் என் தாய்மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஊர்வலத்துக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

யார் மாமா செத்தது என்று கேட்டேன்.

"மேட்டு லயத்துத் தாத்தா," என்றார். "டேய் மாப்ள, திரும்பாம ஆடணும். திரும்பினா அடி விட்டுப்போயிரும்."

அடி விட்டுப்போகிற ஆளா நான்? ஆடினேன். பின்னால் தப்புகளில் ஒன்று நின்றுவிட்டது. மாமா அந்தத் தப்புக்காரரிடம் ஏதோ சொல்வது கேட்டது. மறுபடியும் அடித்தார்கள். அதைப் போல ஒரு அடியை நான் கேட்டதில்லை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மேட்டு லயத்துத் தாத்தாவுக்கு இவ்வளவு வேண்டியவர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் தாண்டியதும், எதிரே அந்தத் தாத்தாவே தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார்.

"மாமா, செத்த தாத்தா வாராரு," என்றேன்.

மாமா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீ ஆடுறதப் பாக்கத்தான் வாராரு. நல்லா ஆடு," என்றார்.

செத்தவர் எழுந்து வந்து பார்க்கிற ஆட்டம் என்றால் சும்மாவா? குட்டிக்கரணம் போட்டேன். தாத்தா என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் ஆட்டத்தில் சொக்கிப்போய்விட்டார் என்று எனக்குப் பெருமை.

இடுகாட்டுக்குப் பிரிகிற பாதையில் பெண்களெல்லாம் நின்றுவிடுவார்கள். அதற்குச் சற்று முன்பாகவே மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் இறங்கிவிட்டார். நான் கத்தினேன், அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். ஆட்டம் பாதியில் நிற்கிறதே என்ற ஆத்திரம். அவர் நடந்துகொண்டே இருந்தார். மாமாவுக்கு உடன்பிறந்தவள் என் அம்மா ஒருத்திதான். அவளைக் குழியில் இறக்கும்போது அவர் அங்கே நின்றிருக்க வேண்டும். என்னைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்.

மரங்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது தூரத்தில் தப்பு நின்றது. மாமாவும் நின்றார். என்னைக் கீழே இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றினார். சருகை ஒதுக்கி ஒரு பிடி மண் எடுத்து, இடுகாடு இருந்த பக்கம் பார்த்து, மெதுவாகக் கீழே விட்டார்.

இது என்ன விளையாட்டு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நான் விடுவேனா? நானும் ஒரு பிடி அள்ளி வீசினேன்.

"வீசக்கூடாது மாப்ள," என்றார். "மெல்லப் போடு."

மெல்லப் போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார், போட்டேன். அவர் என் கை இரண்டையும் தன் வேட்டியில் துடைத்துவிட்டார். வெகுநேரம் துடைத்தார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இன்றைக்கு நான் ஆடியதை அவர் சொல்லிவிடக் கூடாது, நானே ஆடிக் காட்டுவேன் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

சரி, சொல்ல மாட்டேன் என்றார்.