எங்கள் ஸ்பீக்கரில் சுனிதாவின் தங்கை

எங்கள் தையல் யூனிட்டில் ஸ்பீக்கர் பெட்டி சரசக்காவின் பொறுப்பு. அவர் பென்டிரைவில் ஏற்றி வைத்த பாட்டுகள்தான் நாள் முழுக்க ஓடும்.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சுனிதா நான் வேலை பார்க்கும் ஆபீஸ் அறைக்கு வந்தாள். ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் தைக்கிற பெண். ஊரில் இன்று அவள் தங்கைக்குக் கல்யாணம். ஷிப்மென்ட் அவசரத்தில் இவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

காலையில் தங்கை ஒரு பாட்டுப் பாடி வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கிறாள். அதைப் பென்டிரைவில் போட்டும் ஸ்பீக்கர் பாடவில்லையாம்.

"அந்தப் பெட்டி எம்பி3 மட்டுந்தான் பாடும் கண்ணு" என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் மாற்றினேன். போட்டுக் கேட்டால், பாட்டுக்கு நடுவில் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள்.

"இந்தச் சத்தத்த வெட்டி எடுத்துரட்டுமா?"

"வேண்டாம் மேடம். அது அம்மா. பாட்டு போதும், சீக்கிரம் புடவை கட்டுன்னு திட்டுது."

சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் சரசக்கா தன் பாட்டை நிறுத்திவிட்டு அதைப் போட்டார். யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுனிதா கையிலிருந்த பனியன் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

சரசக்கா சூப்பர்வைசரைப் பார்த்தார். "நம்மூட்டுக் கல்யாணமாட்ட இருக்குதுங்க. இன்னொருக்கா போட்டுக்கட்டுங்களா?"

அவரும் தலையாட்டினார்.

எம்பி3க்கு மாற்றினால் பாட்டின் தரம் போய்விடும் என்று எனக்குப் பாடம் எடுக்கும் நண்பர்களே, என்ன போனதென்று கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் யூனிட்டில் யாருக்கும் தெரியவில்லை.