பெயர் மட்டும் வேறு எழுத்தில்

2016-ஆம் வருடம் ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட, சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே மைசூர்பாகு, முறுக்கு, மிக்சர் செய்து விற்க ஆரம்பித்திருந்தேன். எனக்குக் கைப்பக்குவம் உண்டு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதைவிட வாய் அதிகம் என்று என் கணவர் சொல்வார்.

முதலில் வாட்ஸ்அப்பில் தினமும் போட்டோ போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்களே தவிர, வாங்க ஒருவரும் வரவில்லை. பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினேன். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் துபாயில் இருந்தார்கள். துபாய்க்கு நான் எங்கே போய் மிக்சர் கொடுப்பது? அப்புறம்தான் வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பாடம் படித்தேன். எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பாதே, யாருக்கு எப்போது தேவையோ அப்போது அனுப்பு என்றார்கள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ரிட்டயர்மென்ட்!

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பிள்ளைகள் எத்தனை என்று கேட்ட கையோடு, "சார் எப்ப ரிட்டயர்மென்ட்?" என்றும் கேட்டுவிடுவார்கள். மாதக் கடைசி நாள்தான் கடைசி வேலை நாள். அன்று ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வந்தவர்களுக்கு அந்த வாசலில் வைத்து ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுப்பது வழக்கம்.

விடுவேனா? கடையிலும் கல்யாண வீட்டிலும் விசாரித்து விசாரித்து, அந்த வருடம் ஓய்வு பெறுகிறவர்களின் பெயர், மெயில், மாதம் எல்லாவற்றையும் சேகரித்தேன். புதுப் போன் வாங்கினாலே ஒரு மெயில் ஐடியும் ஒட்டிக்கொண்டு வந்த காலம் அது. ஜனவரியிலேயே ஒரே ஒரு கடிதத்தை எழுதி, அவரவர் மாதம் பிறந்ததும் தானாகப் போகும்படி கம்ப்யூட்டரில் வைத்துவிட்டேன். பெயரை அதுவே போட்டுக்கொள்ளும். ஆர்டர் குவிந்தது. நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

ஜூலை முதல் வாரம் ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பேச்சு.

"மெயில் அனுப்பிச்சிருந்தீங்களே, ஸ்வீட் பாக்ஸு... முப்பத்திரண்டு கெடைக்குங்களா?"

"தாராளமா கிடைக்கும்மா. சாருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. இனிமே நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றேன், வழக்கமான உற்சாகத்தோடு.



"அவரு இல்லிங்க. பங்குனியில பூட்டாரு."

என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று நினைவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போன மனிதருக்கு ஓய்வுக்கால வாழ்த்து! அதில், 'இனி வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களோடு இருங்கள்' என்று வேறு எழுதியிருந்தேன். தெரியாமல் நடந்ததுதானே என்று கணவர் சமாதானம் சொன்னார். தெரிந்துகொள்ள ஒரு போன் போதுமே, நான் போடவில்லையே!

மறுநாள் பிற்பகல் மன்னிப்புக் கேட்க நேரிலேயே போனேன். கூடத்தில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. அடுத்த மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாம். ஜன்னல் ஓரத்தில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது.

"ரிட்டயர் ஆவுற அன்னிக்கு ஷிப்ட்டு ஆளுங்க அத்தினி பேருக்கும் நல்ல ஸ்வீட்டா குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. அந்த நாளெல்லாம் இனிமே யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன். உங்க மெயிலு வந்துச்சு" என்றார் அந்த அம்மா.

என்னை ஏதோ பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே! பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனசு கேட்கவில்லை.

"அம்மா, பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஞாபகம் இருந்து அனுப்பலை. அது கம்ப்யூட்டர் தானா அனுப்பினது. சார் போன விஷயமே எனக்குத் தெரியாது."

அவர் லேசாகச் சிரித்தார். "அது தெரியுங்க. அவரு பேரு மட்டும் வேற எழுத்துல சின்னதா இருந்துச்சு. ஆனா அந்தப் பேர யாரோ ஒக்காந்து எழுதி வச்சிருந்தாத்தான அது போவும்?"

காசு வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்றேன். சட்டென்று அவர் முகம் மாறிவிட்டது. "வேணாங்க. நீங்க சும்மா குடுத்தா அது அவரு குடுத்ததா ஆவாது."

மாதக் கடைசி நாள் வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு மேல், அவரோடு வேலை பார்த்தவர்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வரும். பிளாக் முனையில் நிறுத்தி, பஸ்ஸிலேயே கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அந்த அம்மாவின் எண்ணம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போய் நின்றேன். உள்ளுக்குள் ஒரே பயம். அவர்கள் மறந்திருந்தால்? அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால்?

பஸ் வந்தது. அந்த அம்மா படியில் ஒரு காலை வைத்து, "இன்னிக்கு அவருக்குக் கடைசி நாளுங்க" என்று சொல்லி முதல் பெட்டியை நீட்டினார். குரல் உடைந்துவிட்டது.

முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் பெட்டியை வாங்கவில்லை. எழுந்து நின்றார். "இங்க வேணாம்மா. வூட்டாண்ட வந்து வாங்கிக்கிறோம்" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வேறு பிளாக்கில் இறங்க வேண்டியவர்களும்தான். டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். என் கையில் இருந்த பெட்டிகளை இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாவை நடுவில் விட்டு, வேகாத வெயிலில் அவர் வீட்டு வாசல் வரை நடந்தார்கள். வாசலில் வரிசையாக நின்று ஆளுக்கொரு பெட்டி வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக ஒருவர், வழியில் வாங்கினாரோ என்னவோ, ஒரு சின்ன மாலையை அந்த அம்மா கையில் கொடுத்தார். அவர் உள்ளே போய்ப் படத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். நான் வேலியோரம் நின்று அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

இப்போதும் வாட்ஸ்அப், மெயில் எல்லாம் அனுப்புகிறேன். வியாபாரமும் நன்றாகவே போகிறது. ஆனால் எதையும் கம்ப்யூட்டரிடம் முழுசாக ஒப்படைப்பதில்லை. முதலில் போன் போட்டு, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறகு பெயரை நானே டைப் செய்கிறேன். ஒவ்வொரு பெயரை அடிக்கும்போதும், அதைப் படிக்கப்போகிறவர் எந்த நிலைமையில் இருக்கிறாரோ என்று என் விரல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறது.