சம்மதக்காவின் சொந்தச் சம்மதம்

தொழில் என்னவோ தையல்தான். கல்யாண ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. ஆனாலும் ஊரில் ஒருவரும் அவளைத் தையல்காரி என்று சொன்னதில்லை. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் சம்மதக்காதான்.

பெயர் வந்த கதை இது. கல்யாணத்தன்று எந்த ரவிக்கையும் ஒழுங்காக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. பயத்தில் பெண் சாப்பிடாமல் கிடந்திருப்பாள், ரவிக்கை தொளதொளவென்று தொங்கும். இல்லையென்றால் கவலையில் தின்று தீர்த்திருப்பாள், கொக்கி மாட்டாது. அதனால் ஊசி நூல் டப்பாவோடு இவள் மண்டபத்து மாடியறையில் ஆஜராகிவிடுவாள். நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் தகப்பனாரும் இரண்டு சாட்சிகளும் அந்த அறை வாசலுக்கு வந்து, திரைக்கு வெளியே நின்று கேட்பார்கள்: "இன்னாருடைய மகனுக்கு, இன்ன மஹருக்கு, உன்னை மணமுடித்துக் கொடுக்கிறோம். சம்மதமா?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் அந்தக் கேள்விக்கு வாயே திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே ஒருவர் இருமினார், இன்னொருவர் கடிகாரம் பார்த்தார், கீழே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இடுப்பு மடிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. உதட்டில் கவ்வியிருந்த நாலு குண்டூசியையும் எடுத்துவிட்டு, "சம்மதம்!" என்றாள் கணீரென்று. எல்லாரும் நிம்மதியாகப் பந்திக்குப் போனார்கள். அடுத்த கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவளே வந்து, "நம்ம பொண்ணு கூச்சப்படுவா. நீயே சொல்லிடேன்" என்றாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் அது மார்க்கத்திலேயே உள்ளது என்றும் நம்பிவிட்டார்கள்.

இருநூறு கல்யாணத்துக்கு மேல் சம்மதம் சொல்லியிருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? அந்த ஊரின் பாதிக் குடும்பங்கள் அவள் தொண்டையிலிருந்து புறப்பட்டவைதானே.

இந்த நிலைமையில்தான் பள்ளிவாசலுக்குப் புது இமாம் வந்தார். வயது முப்பதைத் தாண்டவில்லை, பேச்சு மென்மை, ஆனால் காரியத்தில் கறார். வந்த வேகத்தில் ஜமாஅத்தில் சீர்திருத்தக் குழு ஒன்று அமைத்தார். வரதட்சணை கூடாது, மூன்று நாள் ஆர்ப்பாட்டம் கூடாது, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹரை நிக்காஹ் அன்றே கொடுத்துவிட வேண்டும். எல்லாம் நல்ல காரியம். குழுவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் சம்மதக்காவின் வீட்டுக்காரர். மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையில் வாயே திறக்காத மனுஷன், கையில் மைக் கொடுத்தால் மட்டும் அணை உடைந்த மாதிரி பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர்தான் புதுத் தீர்மானங்களை வாசித்தார். மாடியில் பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கி வழியாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தீர்மானத்துக்கு வந்தபோது அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"மணப்பெண்ணின் சம்மதத்தை மணப்பெண்ணிடமே கேட்கவேண்டும்! ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி வாயால் சொல்லும் சம்மதம் செல்லாது! செல்லவே செல்லாது!"

மாடியில் அத்தனை தலையும் ஒரே திசையில் திரும்பின. சம்மதக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டின புருஷன் ஊரைக் கூட்டி வைத்து மூக்கை அறுத்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமில்லையா? அதுதான் கிடையாது. அவர் அவளிடம் எதைத்தான் கேட்டிருக்கிறார்?

அந்த யோசனை வந்ததும் அவளுக்குச் சட்டென்று வேறொன்று ஞாபகம் வந்தது. படியிறங்கி வரும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்திருந்தால் அவர் அன்றைக்குக் கடையிலேயே தங்கியிருப்பார்.

மத்தியானம் சாப்பிட வந்தவருக்குக் கூடத்தில் தட்டு தயாராக இருந்தது. பரிமாற ஆளைக் காணோம். அடுப்படி வாசலில் ஒரு பழைய படுக்கை விரிப்பு திரையாகத் தொங்கியது. திரைக்குக் கீழேயிருந்து ஒரு கை சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளியது.

"என்னம்மா இது?"

"அந்நிய ஆம்பளை முன்னாடி நான் எப்படிங்க வர்றது?"

"யாரு அந்நிய ஆம்பளை?"

"நீங்கதான். நம்ம கல்யாணத்துல எனக்குப் பதிலா சம்மதம் சொன்னது என் பெரியம்மா. நான் வாயே திறக்கல. செல்லாது, செல்லவே செல்லாதுன்னு நீங்கதானே இப்ப மைக்ல சொன்னீங்க?"

அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இருபத்தொன்பது வருஷக் குடித்தனம், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள், பேரப்பிள்ளை ஒன்று. இத்தனையும் கண்முன் வந்துபோயின. சாயங்காலத்துக்குள் அவருடைய தலையணை, பாய், சட்டைகள் எல்லாம் வாசலறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் குடியேறின.

அவர் இமாமிடம் ஓடினார். இமாமுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

"பயப்படாதீங்க. இத்தனை வருஷம் மனசார வாழ்ந்திருக்காங்க இல்லையா, அதுவே சம்மதம்தான். நிக்காஹ் செல்லும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதாது. ஒருத்தராவது என்னைக் கேட்டிருக்கணும்."

ஆரம்பத்தில் அவளுக்கு இது விளையாட்டுதான். மனுஷன் திரையோடு பேசுவதைப் பார்த்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். நாலாம் நாள் மருந்துக்கடைக்காரி ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பதினாலு வருஷத்துக்கு முன் அவளுக்கும் சம்மதக்காதான் சம்மதம் சொன்னது. ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த கதையைக் கேட்டு அவளும் சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"உனக்குத் தெரியுமாக்கா, அன்னைக்கு நான் வாயைத் திறந்தேன். கடைசி வருஷப் பரீட்சை பாக்கி இருந்துச்சு. மாப்பிள்ளை எழுத விடுவாரான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லத்தான் திறந்தேன். அதுக்குள்ள நீ சம்மதம்னுட்ட."

"என்னடி சொல்றே?"

"நல்ல மனுஷன்தான் அவர். கேட்டிருந்தா விட்டிருப்பார். கல்யாணம் முடிஞ்சப்புறம் எனக்குத்தான் கேக்க வாய் வரல." அவள் ரவிக்கையைக் காட்டினாள். "கையை மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிடு."

அவள் போன பிறகு சம்மதக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கால் மிதியில் இருந்தது, மிஷின் ஓடவில்லை. சாப்பாடு ஆறுகிறதே என்று அன்றைக்கு அவசரப்பட்ட தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருநூறு பேரில் இன்னும் எத்தனை பேர் வாயைத் திறந்தார்களோ. வீட்டில் நடந்த கூத்து அதன்பிறகு அவளுக்கு விளையாட்டாகப் படவில்லை. தன்னைக் கேட்கவேண்டும், முறையாகக் கேட்கவேண்டும் என்று நிஜமாகவே வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இமாமையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிவந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் வேறு. திரைக்கு இந்தப் பக்கம் சம்மதக்காவும், வேடிக்கை பார்க்க வந்த மருந்துக்கடைக்காரியும்.

"இது நிக்காஹ் இல்ல, அது எப்பவோ ஆயிடுச்சு. சும்மா கேட்கிறதுதான்" என்று இமாம் எச்சரிக்கையாகத் தொடங்கினார். "நீங்களே கேளுங்க."

மைக் வீரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டம் வியர்த்தார்.

"என்னோட வாழ... உனக்குச் சம்மதமா?"

சொல் அவள் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். இருநூறு தடவை சொன்ன சொல்தான். ஆனால் வரவில்லை. அந்தப் பெண்களெல்லாம் கூச்சத்தில் பேசாமல் இருந்தார்கள் என்றா நினைத்தாள்? அடேயப்பா, இது கூச்சமே இல்லை. முழு ஆயுசையும் ஒரே சொல்லில் வைக்கிற பயம்.

வெளியே ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரி குறும்பாகப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், "சம்..." என்று தொடங்கினாள். சம்மதக்கா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"ஒரு கேள்வி இருக்கு" என்றாள் திரையைப் பார்த்து. "அன்னைக்கே என்னைக் கேட்டு, நான் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நன்றாக யோசித்தார்.

"எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். கோவம் வந்திருக்கும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்து கேட்டிருப்பேன்."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன். ஒரு வாரம் ஆகட்டும்."

சாட்சிகள் இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அவர் அத்தர் மணக்க வாசலறைப் பாயில் போய் உட்கார்ந்தார்.

அந்த ஒரு வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கல்யாணம். புதுத் தீர்மானத்துக்குப் பிறகு முதல் நிக்காஹ். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தது. சம்மதக்கா வழக்கம்போல மாடியறையில் பெண்ணின் ரவிக்கைக் கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். திரைக்கு வெளியே பெண்ணின் தகப்பனார், இமாம், சாட்சிகள், பதிவேட்டோடு குழுவின் சார்பில் அவள் வீட்டுக்காரர்.

"சம்மதமா?" என்று தகப்பனார் கேட்டார்.

பெண் பேசவில்லை. அறையிலிருந்த அத்தனை பெண்களும் பழக்க தோஷத்தில் சம்மதக்காவைப் பார்த்தார்கள். அவள் டப்பாவிலிருந்து நாலு குண்டூசியை எடுத்தாள். உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்விக்கொண்டு வாயை இறுக மூடினாள். பெண்ணைப் பெற்றவள் முழங்கையால் இடித்தாள். அசையவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று. மூன்றாவது நிமிஷம் பெண் மெல்ல, "அப்பா, அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றாள்.

வெளியே ஒரே சலசலப்பு. "இப்பப் போய் என்ன கேள்வி?" என்று யாரோ முணுமுணுத்தார். "பந்தி போட்டாச்சு, எல்லாம் ஆறுது" என்றார் இன்னொருவர். அப்போது மைக் இல்லாமலே ஒரு குரல் ஓங்கி எழுந்தது. அது காயில் கட்டுகிறவரின் குரல்.

"ஆறினா ஆறட்டுங்க! ஆறின சோத்தை ஒரு வேளை தின்னுட்டுப் போலாம். நீ கேளும்மா. கேக்காம விட்டுட்டு முப்பது வருஷம் கழிச்சு நான் படுற பாடு போதும்!"

சம்மதக்காவின் கையிலிருந்த ஊசி நின்றது. கண் நிறைந்து தையல் கலங்கலாகத் தெரிந்தது. உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். பழைய கணீர்க் குரல் தானாகவே வந்துவிட்டது.

"சம்மதம்!"

மண்டபம் அதிர்ந்தது. மணப்பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். திரைக்கு வெளியே இமாம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா! மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? அந்தப் பொண்ணு இன்னும் கேள்வியே கேக்கல!"

"அவ கேக்கட்டும் ஹஜ்ரத், நிதானமாக் கேக்கட்டும்" என்றாள் சம்மதக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது அவளுக்கில்ல. எனக்கு."

வெளியே பதிவேடு தரையில் விழும் சத்தம் கேட்டது.