சபாநாயகர் எழுந்து நின்றால்

ஏலக்காய் மாலையின் வாசம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண வீட்டில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவேன். கல்லூரியில் நடந்த மாணவர் அரசியல் கருத்தரங்கில், அப்படியொரு மாலையோடு வந்த பெரிய மனிதரை வழிமறிக்க வேண்டியவள் நான். எனக்கு அவைக்காவலர் வேலை. உயரமாக வளர்ந்திருந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

உத்தமபாளையத்துப் பக்கம் எங்கள் கல்லூரி. முதல் நாள் முழுக்கச் சட்டப்பேரவை எப்படி நடக்கிறது என்று வகுப்பு. உள்ளதைச் சொன்னால் என்ன, பாதிப் பேர் போண்டாவுக்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மாதிரிச் சட்டப்பேரவை. சபாநாயகராக வந்தவள் என் வகுப்புத் தோழி. இன்றுவரை எங்களுக்கு அவள் சபாநாயகர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். மொத்தக் குடும்பத்துக்கும் அந்தக் கடைதான் சோறு போட்டது. கட்டடம் ஊரிலிருந்த ஒரு கட்சிப் பிரமுகருடையது. அவர் மகன்தான் எங்கள் அவையில் எதிர்க்கட்சித் தலைவர்.

குமுளி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அளவுக்கு மீறி ஏற்றக் கூடாது என்பது மசோதா. அந்தப் பையன் அதை எதிர்க்கவில்லை. தண்டனை போதாது என்று வாதாடினான். "எங்க வீட்டு ஜீப்புகளையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றபோது மொத்த அவையும் அவன் பக்கம் திரும்பியது. பார்வையாளர் வரிசையில் இருந்த அவன் அப்பா அதைக் காதில் வாங்கினாரா என்பதே சந்தேகம். மகன் மைக் பிடித்துப் பேசுகிற பெருமையில் மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

பேச்சு முடிந்ததும் அவரோடு வந்தவர்கள் விசிலடித்தார்கள். அவர் மாலையை எடுத்துக்கொண்டு நேராக அவைக்குள் நடந்தார். நன்றாகப் பேசியவருக்கு அங்கேயே மாலை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு இதுவும் ஒரு கட்சிக் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் அவை நடக்கும்போது உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாது என்று முந்தின நாள்தான் படித்திருந்தோம். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளும்மா. எம்மகனுக்கு மாலை போடணும்."

"உள்ள வரக் கூடாதுங்கய்யா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் திடீரென்று கூரைமேல் அக்கறை வந்துவிட்டது. அப்போது மேடையிலிருந்து அவள் குரல் வந்தது: "பார்வையாளர் வெளிய போகணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓகோ, மளிகைக் கடை பாய் மகளா? உங்க அத்தா யாரு கட்டடத்துல கடை போட்டிருக்காருன்னு தெரியுமா, தெரியாதா?"

அடிப்பாவி, விட்டுவிடேன், மாலைதானே, போட்டுவிட்டுத் தொலையட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் மேசையை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

சபாநாயகர் எழுந்து நின்றால் உறுப்பினர் ஒருவரும் நிற்கக் கூடாது. அதுவும் முந்தின நாள் படித்ததுதான். நாற்காலிகள் சரசரவென்று இழுபட, வேடிக்கை பார்க்க எழுந்திருந்த ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாலைக்காகக் கழுத்தைத் தாழ்த்தத் தொடங்கியிருந்த அந்தப் பையனும் உட்கார்ந்தான். அவன் அப்பா மாலையும் கையுமாக நடுவில் நின்றார்.

"அப்பா, போங்கப்பா" என்றான் அவன். "இங்கன அவுக சொல்றதுதான்."

முந்தின நாள்வரை அவளை 'ஏய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன். நான் அவரைக் கதவுவரை கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்த ஏலக்காய் வாசம். கதவருகே அவர் திரும்பி மேடையை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

பயந்ததுதான் நடந்தது. கடையைக் காலி செய்யச் சொல்லி அந்த வாரமே ஆள் வந்தது. மகன் வீட்டில் சண்டை போட்டும் பார்த்தான்; பலிக்கவில்லை.

இப்போது அதே போன்ற கருத்தரங்கை நடத்துவது என் பொறுப்பு. "இதுல கலந்துக்கிட்டா எம்பிள்ளைக்கு என்ன கெடைக்கும் டீச்சர்?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. கூச்சம் போகும், நாலு பேர் முன்னால் பேச வரும், சான்றிதழ் தருவோம் என்று சொல்லிவைப்பேன். கேட்டதும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கண்ணால் பார்த்ததை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கடையைக் காலி செய்த அன்று நாங்கள் சிலர் ஒத்தாசைக்குப் போயிருந்தோம். எதிர்க்கட்சித் தலைவர் எங்களுக்கு முன்பே வந்து, தன் அப்பா கட்டடத்திலிருந்து எண்ணெய் டின்களைத் தூக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். சபாநாயகர் காலியான அலமாரிக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னாலதானே அத்தா."

அத்தா அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "அன்னைக்கு நீ சொன்னது சரியா, தப்பா?"

அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். "சரிதான் அத்தா."

"பெறகென்ன? அந்த முனையப் பிடி."