குன்வோரின் மிதக்கும் தரை

கைதட்டிப் பார்க்காமல் குன்வோர் எந்த அறைக்குள்ளும் நுழைவதில்லை. வாசலில் நின்று ஒரே ஒரு தட்டு. தலையைச் சாய்த்து, அது சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்பாள். பல் மருத்துவரின் அறை, தேவாலயம், என் வீட்டுக் குளியலறை எதுவும் தப்பியதில்லை. "உன் குளியலறைக்கு ரொம்பத்தான் பீத்தல்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வருடக்கணக்காக அவள் எதிர்வீட்டில் இருக்கிறேன்; இதைவிட மோசமானதையும் கேட்டிருக்கிறேன்.

ஐம்பதை நெருங்கும் நெடிய உருவம். ஆஸ்லோவில் விமான நிலையப் பேருந்தை மதியம் தொடங்கி இரவு வரை ஓட்டுகிறாள். ஓட்டாத நேரமெல்லாம் பிடில். அதுவும் அவள் பிறந்த டெலமார்க் பக்கத்தில் வாசிக்கிற வகை. வில் படும் தந்திகளுக்கு அடியில் இன்னொரு வரிசைத் தந்திகள் இருக்கும். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே வாசிக்க வாசிக்க அவை தாமாகவே முனகிக்கொண்டிருக்கும். கூட மேளம் கிடையாது. வாசிப்பவரின் கால்தான் மேளம். உட்கார்ந்தபடியே தோல் காலணியால் தரையைத் தட்டினால், ஆடுபவர்கள் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு சுழல்வார்கள்.

விஷயமே அந்தத் தட்டில்தான் இருக்கிறது. மூன்று தட்டு, மூன்றும் ஒரே நீளம் இல்லை. அவள் ஊரில் முதல் தட்டு நீளம், கடைசித் தட்டு குட்டை. வால்ட்ரெஸ் வட்டாரத்துக்குப் போனால் முதல் தட்டே குட்டை. "அவங்க ஆடறதப் பாத்தா, மாடிப்படியில ஒரு படி இல்லாம கால விட்டவங்க மாதிரி இருக்கும்," என்பாள். வால்ட்ரெஸ்காரர்களும் உங்களைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள் என்று ஒருமுறை நினைவுபடுத்தினேன். அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அவள் வாசிக்கும் நடனக் குழு இந்த இலையுதிர்காலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பயிற்சி மாலையில், மாலையில் இவள் பேருந்தில். ஒலிப்பதிவு ஒன்று தந்தால் போட்டு ஆடிப் பழகுவோம் என்றார்கள். ஐலெவ் என்கிற வால்ட்ரெஸ்காரனின் பதிவு கையில் தயாராக இருக்கிறது என்பதையும் கூடவே சொல்லி வைத்தார்கள். அவன் தாளத்தில் கால் பழகிவிட்டால் போட்டி மேடையிலும் அவன்தான் உட்காருவான். இத்தனை காலம் தான் உட்கார்ந்த நாற்காலியை ஐலெவுக்குக் கொடுப்பதாவது என்று குன்வோர் அன்றே வீட்டில் ஒரு பதிவறை கட்டக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் ஒரு சின்னச் சாமான் அறை இருந்தது. பனிச்சறுக்குக் கட்டைகளும் குளிர்கால டயர்களும் அங்கிருந்து பால்கனிக்குப் போயின. ஜாம் ஜாடிகள் கட்டிலடிக்குப் போயின. எதிரொலி அடங்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டப்போகிறாயா என்று கேட்டேன். "முட்டை அட்டை முட்டைக்குத்தான்," என்றாள். குளிருக்குச் சுவருக்குள் அடைக்கிற பஞ்சை வாங்கி, சட்டம் அடித்து, பழைய திரைச்சீலையால் போர்த்தி நான்கு பக்கமும் மாட்டினாள். வாசித்துப் பார்த்தபோது கீழ்த்தந்திகளின் முனகல் செத்துப்போயிருந்தது. பாதிச் சட்டங்களைக் கழற்றி எறிந்தாள். கணினியின் விசிறி இரைகிறது என்று அதை நடைக்குத் துரத்தி, கதவுக்கு அடியில் ஒலிவாங்கிக் கம்பியை விட்டாள். பதிவு செய்யும்போது குளிர்பெட்டியையும் நிறுத்துவாள். பேருந்துச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுவாள். சாவி எடுக்க வந்தால்தானே பெட்டியைத் திரும்பப் போட ஞாபகம் வரும்.

எல்லாம் சரி. ஆனால் அந்த அறைக்கு நேர் கீழே தொர்டிஸின் கட்டில். தொர்டிஸ் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸ். குன்வோருக்குக் கிடைக்கும் காலைப் பொழுது அவளுக்குத் தூக்க நேரம். குடியிருப்பு விதிப்படி பகலில் யாரும் வாசிக்கலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விதியைக் காட்டி அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கிற ரகமில்லை குன்வோர். பிடில் ஓசை தளத்தைத் தாண்டி அவ்வளவாக இறங்காது. கால் தட்டு நேராகக் கட்டிலுக்கே இறங்கும். அதனால் முதல் பதிவை ஒரு தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு வாசித்தாள். குழுத் தலைவி பதில் அனுப்பினாள். கேட்க அருமையாக இருக்கிறது, காலை எங்கே வைப்பது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேறு வராவிட்டால் ஐலெவின் பதிவைப் போட்டுக்கொள்கிறோம்.

குன்வோர் அசரவில்லை. டென்னிஸ் திடலில் தூக்கிப் போட்ட பழைய பந்துகளை ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தாள். அடிப்பலகையில் குழி வெட்டி, குழிக்கொரு பந்து வைத்து, அதன்மேல் இரண்டடுக்குப் பலகை, நடுவே ரப்பர் விரிப்பு. அறைக்குள் ஒரு மிதக்கும் தரை. எவ்வளவு உதைத்தாலும் பந்து வாங்கிக்கொள்ளும் என்றாள். பலகையின் ஓரத்தைச் சுவரோடு சுவராக இழைத்துச் சேர்த்திருந்தாள். "ஒரு காயிதம் நுழையாது, பாத்துக்கோ," என்று நிஜமாகவே ஒரு காகிதத்தை வைத்துத் தள்ளிக் காட்டினாள். நுழையவில்லை. பாராட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை தொர்டிஸுக்கு விடுமுறை. காலையிலேயே சோதனை வைத்தார்கள். மேலே குன்வோர் உதைத்தாள். கீழேயிருந்து ஏறி வந்த தொர்டிஸ், ஒன்றுமே கேட்கவில்லை என்றாள். அவள் கன்னம் லேசாகச் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன், குன்வோரும் பார்த்தாள்.

"நம்ம ஜனங்கள எனக்குத் தெரியாதா? மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு மாடிப்படிச் சுவத்துல பேர் போடாம சீட்டு ஒட்டுவாங்க. நீ உதை, நான் போய்ப் படுக்கறேன்," என்றாள் குன்வோர்.

தன் காலணியைத் தொர்டிஸின் காலில் மாட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, தட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். சாட்சிக்கு நானும் போனேன். தொர்டிஸின் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் வெற்றிக் களை. என் காதில் எதுவும் விழவில்லை. வெற்றிதான் என்று நானும் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் புருவம் சுருங்கியது. பிறகு இன்னும் சுருங்கியது. பொறுக்க மாட்டாமல் கைப்பேசியை எடுத்து மேலே அழைத்தாள்.

"தொர்டிஸ், மொத தட்ட இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடு. என்ன நீ, வால்ட்ரெஸ்காரி மாதிரி போடற?"

மறுமுனையில் தொர்டிஸ் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப கேக்குதா?"

சிரிப்பை அடக்க என்னால் முடியவில்லை. குன்வோர் என்னைக் கண்டுகொள்ளாமல் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, இன்னொரு தரம் தட்டச் சொன்னாள்.

"சத்தம் பந்து வழியா எறங்கல. சுவர் வழியா எறங்குது," என்றாள். "பலக ஓரத்தச் சுவத்தோட ஒட்ட வெச்சுட்டேன். அழகா இருக்கணும்னு."

மேலே போனோம். தொர்டிஸ் காலணியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். இன்றைக்குத்தான் நான் முழித்துக்கொண்டிருக்கிறேனே, கீழே யார் தூங்குகிறார்கள், இப்போதே பதிவு செய் என்றாள். சாவி குளிர்பெட்டிக்குள் போனது. நாங்கள் இருவரும் நடையில் மூச்சை அடக்கி நின்றோம். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் வாசித்த, போட்டிக்கான மூன்று மெட்டும் ஒரே மூச்சில் முடிந்தன. எனக்கு ஆட்டம் வராது. ஆனாலும் என் குதிகால் தானாக எழுந்தது. இவளை எதிர்வீட்டில் வைத்திருப்பது பற்றி எனக்குப் பெருமையாகவே இருந்தது.

காப்பியும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் தீர்வதற்குள் குழுத் தலைவியிடமிருந்து பதில் வந்துவிட்டது. கணவனை இழுத்துக்கொண்டு சமையலறையிலேயே ஆடிப் பார்த்தாளாம். கால்கள் தம் இடத்தில் போய் உட்கார்ந்தனவாம். ஐலெவ் வேண்டாம். குன்வோர் அதைப் படித்துவிட்டு, "பின்ன?" என்றாள், அவ்வளவுதான்.

தொர்டிஸ் அறையை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ அழகா செஞ்சத ஏன் கெடுக்கணும்? இப்படியே இருக்கட்டும். நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்கிக்கறேன்."

குன்வோர் மிச்சக் காப்பியைக் குடித்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் மண்டியிட்டாள். சுவரும் பலகையும் சேருமிடத்தில் ஒரு விரலைப் படுக்கவைத்து, அதன் அகலத்துக்கு, அந்தப் பளபளப்பான பலகையின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அறுப்பதற்குக் கோடு இழுத்தாள்.