வெள்ளை வண்டியும் நெயில் பாலிஷ் கோடும்

ஷேர் கார் ஓட்டுகிறவளுக்கு ஒரு கண் ரோட்டில் இருந்தால் போதும். இன்னொரு கண் டெம்பரேச்சர் முள்ளின் மேல் இருக்க வேண்டும். பழைய வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மே மாசத்தைத் தாண்டியவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. நீங்களும் ரோட்டோரம் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றவர்கள்தானே!

எங்கள் பாப்பாவுக்கு அப்போது மூணு வயசு. நாகலாபுரத்திலிருந்து திருப்பதிக்குத் தினமும் மூணு பேரைக் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். நடுவில் திருப்பதிக்குள்ளேயே கிடைக்கிற சவாரி. முன் சீட்டில் கிரேஸ் டீச்சர். பின்னால் புடவைக் கடை லட்சுமி, ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்த்த சுமதி. என் வண்டி இல்லாவிட்டால் அவர்களுக்கு ரெண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போகிற பாடு. எனக்கோ, வண்டி போனால் வேலையே போச்சு. அது ரெண்டு தரம் வழியில் நின்றதும் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் நின்னுச்சுன்னா வித்துடுவேன். அப்பால அழுதுகினு நிக்காதே."

ஷெட்டில் விட்டால் மூணு நாள் சவாரி கெடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே, செல்போனில் வீடியோவும் கையில் ஸ்பானருமாக நானே உட்கார்ந்துவிட்டேன்.

ஹாரனா, ஃபேனா?

ஓடும்போது முள் நடுவில் ஒழுங்காக நிற்கும். ரயில் கேட்டில் நின்றால் மட்டும் கிடுகிடுவென்று ஏறும். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக அடிக்கிறது, நிற்கிற வண்டிக்கு ஃபேன் சுற்ற வேண்டும். ஆக ஃபேனில்தான் கோளாறு என்று பிடித்தேன். பேட்டரியிலிருந்து நேராக கரன்ட் கொடுத்தால் அது சுற்றியது. அப்போ நடுவில் இருக்கிற ரிலே என்கிற சின்ன டப்பிதான் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? ஹாரனுக்கும் அதே மாதிரி ஒரு ரிலே இருந்தது. பிடுங்கி ஃபேனுக்குச் சொருகினேன்.

திங்கட்கிழமை முள் ஏறவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. திருப்பதியில் அலிபிரி பக்கம் மூட்டையும் முடிச்சுமாக மலை ஏறப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. லட்சுமி ஜன்னலில் தலையை நீட்டி, மேலே சந்நிதியில் கேட்கிற அதே ராகத்தில், "ஜரகண்டி, ஜரகண்டி!" என்றாள். பாருங்கள், அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் ஒதுங்கினார்கள்! பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, மலை மேல தள்ளிவுட்றவங்களை வண்டியிலயே கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

மே மாசத்தில் ஹீட்டர்

விஜயபுரம் பக்கம் ஒரு கல்யாணச் சவாரி போய் வந்தேன். அங்கே அறுப்பு நேரம். ரோட்டிலேயே நெல் காய்ந்துகொண்டிருந்தது, எனக்கு முன்னால் வைக்கோல் டிராக்டர். மறுநாள் புத்தூர் தாண்டினதும், ஓடும்போதே முள் ஏற ஆரம்பித்தது. ஒரு லாரி டிரைவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: ஹீட்டரைத் திருப்பிவிட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்பக்கம் இறங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்? வண்டி வாங்கின நாளிலிருந்து தொடாத அந்தக் குமிழைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். முள் இறங்கிவிட்டது. உள்ளே நாலு பேரும் ஆவியில் உட்கார்ந்திருந்தோம். கிரேஸ் டீச்சர் மடமடப்பாகக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்த காட்டன் புடவை திருப்பதி வருவதற்குள் துவண்டு போனது.

அன்று வீட்டுக்கு வந்து, வண்டி நன்றாக ஆறின பிறகு, இன்ஜின் பக்கமிருந்து ரேடியேட்டருக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்தேன். முன்பக்கம் பிடி பிடியாக உமியும் வைக்கோலும் கொட்டியது. அந்தக் கோளாறு அதோடு தீர்ந்தது. தீராதது, காலையில் சுமதி இறங்கும்போது சொன்ன சொல்தான்: "யக்கா, இட்லி வெந்துச்சான்னு குத்திப் பாத்துட்டு எங்களை எறக்கி வுடு."

நெயில் பாலிஷ் கோடு

பத்து நாள் கழித்து மறுபடி. இந்தத் தரம் விசித்திரமான நோய்: காலையில் சாது, சாயங்காலம் திரும்பும்போது சூடு. எங்கேயாவது தண்ணீர் ஒழுகுகிறதோ என்று, கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே பாப்பாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். மூணு பேரையும் கூப்பிட்டுக் காட்டி, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினா உள்ளே பெரிய ஒழுகல்னு அர்த்தம். செலவு தாங்காது. அப்புறம் வண்டியை வித்துட வேண்டியதுதான்."

தினமும் காலையில் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே போய் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும். ஒரு மயிரிழை இறங்கவில்லை. சாயங்காலம் கொதிக்கிற வண்டியை யார் திறந்து பார்ப்பது? ஒழுகல் இல்லையென்று முடிவு கட்டி, ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ம்ஹூம். ஒரு சாயங்காலம் வடமாலப்பேட்டைக்கு முன்னால் புஸ்ஸென்று புகை கிளம்பி வண்டி நின்றே போனது. அது மூணாவது தரம். வீட்டுக்காரர் பழைய வண்டி புரோக்கருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். விஷயத்தைச் சொன்னபோது லட்சுமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "கோடு அப்டியேதான இருக்குது தேவக்கா, இன்னும் இன்னாதான் வேணுமாம் அதுக்கு?"

டீச்சரின் கீரைக் குழம்பு

புரோக்கர் வருவதற்கு முந்தின நாள், ஞாயிறு. விற்கிற வண்டியாக இருந்தாலும் கழுவித்தானே கொடுக்க வேண்டும்! முன் சீட்டில் ஏறி விளையாடின பாப்பா, "அம்மா, இங்க சக்கரை வாசனை வருது" என்று கால்மிதியைத் தொட்டுவிட்டு விரலை வாய்க்குக் கொண்டு போனாள். பாய்ந்து கையைப் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். பயம் தெளிந்ததும்தான் மூளை வேலை செய்தது: முன் சீட்டின் காலடியில் கூலன்ட்டுக்கு என்ன வேலை? மிதியைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று ஈரம். மே மாசத்தில் நான் திருப்பின ஹீட்டர்! அதுவரை மூடியே கிடந்த ஹீட்டர் ரேடியேட்டருக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டவள் நான். அதில் எங்கேயோ ஓட்டை, வால்வும் திரும்ப ஒழுங்காக மூடவில்லை. ஆனால் இத்தனை ஒழுகியும் கோடு எப்படி இறங்காமல் இருந்தது?

திங்கட்கிழமை காலை கிரேஸ் டீச்சரிடம் மிதியைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் தன் கீரைக் குழம்பு டப்பாதான் ஒழுகுகிறது என்று நினைத்தாராம். துண்டால் துடைத்தால் துண்டும் பச்சை, கூலன்ட்டின் நிறமும் அதுதானே! வெட்கப்பட்டுக்கொண்டு கீரையை நிறுத்திவிட்டு சப்பாத்தி கொண்டு வந்தார். அப்போதும் ஈரம். குழம்பு இல்லை என்று புரிந்துவிட்டது. சொன்னால் வண்டியை விற்றுவிடுவேனே என்று பயம். லட்சுமியிடமும் சுமதியிடமும் மட்டும் சொன்னார். மூணு பேரும் முறை வைத்து, நான் உள்ளே பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற நேரத்தில், வாசலில் வண்டிக்குக் காத்திருக்கிற சாக்கில், ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து கோடு வரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். காலையில் ஊற்றினது மதியச் சவாரியில் ஒழுகித் தீர்ந்து, சாயங்காலம் முள் ஏறும்.

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை. டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "நான் பொய் சொல்லலைம்மா தேவி. நீ கேக்கலை, நான் சொல்லலை. ஆனா தண்ணி மட்டும் ஒரு நாளும் தவறாம ஊத்தினோம், அதுக்கு ஆண்டவர் சாட்சி."

குறுக்கே ஒரு குழாய்

அன்று மூணு பேரும் பஸ்ஸில் போனார்கள். "நீ சரி பண்ணுக்கா, சாயங்காலம் நீதான் வந்து கூட்டிக்கினு போவணும்" என்று சுமதி மிரட்டிவிட்டே போனாள். இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்று, திரும்பி வருகிறது ஒன்று. ரெண்டையும் கழற்றி, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் வைத்து இணைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஹீட்டருக்கு இனிமேல் தண்ணீர் போகாது. நம்ம ஊரில் அது போனால் யாருக்கு நஷ்டம்? புதுக் கூலன்ட் ஊற்றி, அரை மணி நேரம் வாசலில் ஓடவிட்டுப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது.

சாயங்காலம் திருப்பதிக்குப் போய் மூணு பேரையும் ஏற்றினேன். வழியெல்லாம் நாலு பேர் கண்ணும் முள் மேல். ரயில் கேட்டில் கால் மணி நேரம் நின்றோம். ஏறவில்லை. வீட்டு வாசலில் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் என் வீட்டுக்காரர். பானட்டைத் தூக்கிக் கோட்டைக் காட்டினேன். வீட்டுக்காரர் ரேடியேட்டரை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ போட உள்ளே போய்விட்டார். விற்கப் போவதில்லை என்று புரோக்கரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, லட்சுமி தெலுங்கில் முந்திக்கொண்டாள்: "பண்டி அம்மேதி லேதய்யா. டீ தாகி வெள்ளண்டி!" வண்டி விற்கிறதாக இல்லையாம், டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டுமாம்!

அதற்கப்புறம் அந்த வெள்ளை வண்டி ரெண்டு வருஷம் ஓடியது. டீச்சர் ஓய்வு பெற்றுச் சித்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், சுமதிக்கு ஸ்ரீசிட்டி பக்கம் வேலை மாறிவிட்டது, லட்சுமி மட்டும் இன்றைக்கும் என் பின் சீட்டில்தான் வருகிறாள். இப்போது வைத்திருக்கிற புது வண்டியில் எல்லாம் ஒழுங்கு, முள் ஏறுவதே இல்லை. ஆனால் காலையில் எனக்குத் தெரியாமல் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத குறையை எந்த ஸ்பானரை வைத்துச் சரி பண்ணுவது என்றுதான் இன்னும் ஒரு வீடியோவிலும் வரவில்லை.